விட்டவன் விழுக்காடும் விளைத்தவன் பங்கும்



திருமலையில் தரிசனம் முடித்து வருபவர் கையில் ஒரு லட்டு இருக்கும். அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிறு துண்டை வாயில் இட்டு, மீதியை ஊருக்குக் கொண்டு சென்று உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் விண்டு கொடுக்கிறோம். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் முந்திரியும் உலர்ந்த திராட்சையும் ஏலக்காயும் சேர்ந்த ஓர் இனிப்புதான் அது. பெருமானின் திருமுன் வைக்கப்பட்டதால் பிரசாதம் ஆகிறது. பிரசாதம் என்னும் வடசொல்லுக்கு அருள் என்பதோடு மனத்தெளிவு என்ற பொருளும் உண்டு. உண்பவரின் உள்ளம் தெளிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

2024 செப்டம்பரில் இந்த லட்டுக்கான நெய்யின் தூய்மை குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தனி விசாரணைக் குழு அமைக்க ஆணையிடும் அளவுக்கு அது வளர்ந்தது. நாடெங்கும் பக்தர்கள் மனம் கலங்கினர். அந்நாட்களில் எல்லோர் நாவிலும் ஒரே கேள்விதான் இருந்தது: 'இந்த நெய் எங்கிருந்து வந்தது?' மிக நல்ல கேள்வி. ஆயினும், ஐயம் எழுந்த பிறகுதான் நாம் அதைக் கேட்டோம். ஐயம் இல்லாத நாட்களில், இந்தக் கடலையை விளைத்தவர் யார், அவருக்கு அதில் என்ன கிடைத்தது, அடுத்த பருவத்திலும் அவர் உழுவாரா என்று நம்முள் எத்தனை பேர் கேட்டோம்? திருமலையை விடுங்கள். நம் வீட்டுப் பூஜையறையில் அன்றாடம் நிவேதிக்கும் ஒரு கிண்ணம் அன்னத்தைப் பற்றியாவது கேட்டிருக்கிறோமா?

கல்லில் எழுதிய கணக்கு

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கையைத் தேவஸ்தானம் 1930-இல் வெளியிட்டது. அக்கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது சோற்றுக் கணக்கு. இன்ன நாளில் இத்தனை திருப்போனகம், இத்தனை அப்பம், இத்தனை அதிரசம். அதற்கு 'மலைகுனியநின்றான்' என்னும் பெருமானின் பெயரால் வழங்கிய முகத்தல் அளவைப்படி இத்தனை அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு பயறு என்று ஒன்றுவிடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்கான பொருள் எப்படி வந்தது என்பதுதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. விஜயநகரக் காலத்தில் அன்பர் ஒருவர் திருமலைப் பெருமானுக்கு நாள்தோறும் ஒரு தளிகை படைக்க விரும்பினால் ஸ்ரீபண்டாரத்தில் பணம் கட்டுவார். கோயிலார் அப்பணத்தை அப்படியே செலவழித்துவிடவில்லை. திருவிடையாட்டம் எனப்பட்ட கோயில் ஊர்களில் ஏரி வெட்டவும், கால்வாய் தோண்டவும், தூர்ந்த மடுவைச் சீர்செய்யவும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்நீரால் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து தளிகை நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1960-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பக்தனின் காணிக்கை வயலுக்குச் சென்று, நீராகி, நெல்லாகி, அதன் பிறகே பெருமானின் திருமுன் வந்தது. என்ன அழகான சுழற்சி!

நிவேதனம் ஆன பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, கொடை விட்டவருக்கு உரியது. கல்வெட்டுகள் இதனை 'விட்டவன் விழுக்காடு' என்று குறிக்கின்றன. விழுக்காடு என்றால் இன்று நூற்றுக்கு இத்தனை என்று கொள்கிறோம். அன்று அதற்குப் பங்கு என்பதே பொருள். பிற பங்குகள் தானத்தாருக்கும், கோயில் பணியாளருக்கும், யாத்திரிகருக்கும் சென்றன.

இந்த நீண்ட பட்டியலைப் படிக்கும்போது மனத்தில் ஓர் உறுத்தல் எழாமல் இல்லை. விட்டவன் பெயர் கல்லில் இருக்கிறது. அவன் குலமும் ஊரும் தந்தை பெயரும் இருக்கின்றன. அந்தக் கால்வாய் நீரில் முழங்கால் அளவு சேற்றில் நின்று நாற்று நட்டவளின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. விளைவில் அரசுக்கோ கோயிலுக்கோ உரிய மேல்வாரம் போக, உழுகுடிக்குக் குடிவாரம் என்று ஒரு பங்கு வழக்கில் இருந்தது உண்மையே. எனினும் பிரசாதப் பங்கீட்டில் 'உழுதவன் விழுக்காடு' என ஒன்றை நாம் காண்பதில்லை. முன்னோரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் கால்வாயாவது வெட்டினார்கள். நாம் இன்று உண்டியலில் இடும் பணத்தோடும், கடையில் கொடுக்கும் விலையோடும் நம் கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தைத்தான் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விரதம்

தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு என்னும் இளைஞர் தம் தந்தை வருணரிடம் சென்று பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டுகிறார். தவத்தால் அறிந்துகொள் என்கிறார் தந்தை. தவம் செய்த பிருகுவுக்கு முதலில் விளங்குவது எது? அன்னமே பிரம்மம் என்பதுதான். அதற்கு அப்பால் பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று அவர் ஏறிச் செல்கிறார். ஆனந்தத்தை அடைந்த பிறகும் உபநிஷதம் அன்னத்தை மறந்துவிடவில்லை. மீண்டும் அதற்கே திரும்பி வந்து, அன்னத்தை இகழலாகாது, ஒதுக்கித் தள்ளலாகாது, மிகுதியாக உண்டாக்க வேண்டும் என்று விரதங்களை விதிக்கிறது.

இவற்றுள் முதலிரண்டையும் நாம் ஓரளவு காக்கிறோம். இலையில் விழுந்ததைக் குறை சொல்லாதே, சோற்றை வீணாக்காதே என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவது விரதம் என்ன ஆயிற்று? அன்னத்தைப் பெருக்கும் விரதத்தை நம்முள் பெரும்பாலோர் ஒரு நாளும் செய்ததில்லை. நமக்குப் பதிலாக வேறொருவர் அதைச் செய்துகொண்டிருக்கிறார். வைகறையில் எழுந்து, மழையை அண்ணாந்து பார்த்து, கடன் வாங்கி, விதைத்து, காத்திருந்து, நம் பொருட்டு அந்த விரதத்தை அனுஷ்டிப்பவர் அவர். வேள்வியில் யஜமானனுக்காக ரித்விக்குகள் மந்திரம் ஓதுவது போன்றது இது. ரித்விக்குக்குத் தட்சிணை கொடாமல் வேள்வி நிறைவுறாது என்பது சாஸ்திரம். அதுவும் பேரம் பேசிக் குறைத்துக் கொடுப்பதற்குப் பெயர் தட்சிணை அன்று.

பகவான் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் உயிர்கள் அன்னத்தாலும், அன்னம் மழையாலும், மழை வேள்வியாலும், வேள்வி கர்மத்தாலும் உண்டாவதைக் கூறி, இச்சக்கரத்தில் தன் பங்கைத் திருப்பிச் செலுத்தாமல் உண்பவனைத் திருடன் என்றே சொல்லிவிடுகிறார். கடுமையான சொல். விலை கொடுத்துத்தானே வாங்கினோம், எப்படித் திருடனாவோம் என்று தோன்றும். விலை என்பது கடைக்காரருக்கும் நமக்கும் இடையே முடிந்துபோகும் கணக்கு. ருணம் அப்படி முடிவதில்லை. தாய்க்கு நாம் பட்ட கடனை எந்த விலை தீர்க்கும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 25 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 300 கிலோ. அதற்கு ஏறத்தாழ 450 கிலோ நெல் வேண்டும். நடுத்தர விளைச்சலில் அது கால் ஏக்கர் நிலத்தின் ஒரு போகம். 'எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் இல்லை, சுவாமி' என்று நகரத்து அன்பர்கள் சொல்வதுண்டு. உண்டு. நம் ஒவ்வொருவர் வீட்டிற்கும் எங்கோ ஓரிடத்தில் கால் ஏக்கர் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, யார் உழுகிறார் என்பதுதான் நமக்குத் தெரியாது.

மலையடிவாரத்து மாம்பழம்

ஏழுமலையின் அடிவாரத்திலேயே பார்ப்போம். பழைய சித்தூர் மாவட்டம் 2022-இல் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாகவும், மேற்கே மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்தின் பகுதியாகவும் ஆயின. கிழக்கே சொர்ணமுகி பாயும் பகுதியில் ஏரிப் பாசனமும் நெல்லும் உண்டு. தமிழன்பர்கள் அந்த ஆற்றைப் பொன்முகலி என்று அறிவார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. மேற்கே செல்லச் செல்ல நிலம் மேடாகி, மழை குறைந்து, செம்மண்ணும் பாறையுமாகக் காட்சி தரும். வானத்தை நம்பிய வேர்க்கடலை, கேழ்வரகு, தக்காளி, மாந்தோப்பு, இரண்டொரு கறவை மாடு என்பதே அங்குள்ள குடியானவரின் வாழ்வு.

சித்தூர்ப் பகுதியில் பெருமளவு விளைவது தோத்தாபுரி என்னும் கிளிமூக்கு மாம்பழம். பழக்கூழ் ஆலைகளை நம்பியே அது பயிரிடப்படுகிறது. 2025 ஜூனில் அதன் விலை வீழ்ந்தது. மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் நெடுந்தொலைவு வரிசையாக நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. மாமரம் நெற்பயிர் அன்று. இவ்வாண்டு விலை இல்லை என்று அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ள முடியாது. நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து காய்க்கச் செய்த மரத்தின் பழம் வண்டியிலேயே அழுகும்போது, அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்து சென்றபோது நாடே பேசியது; தொலைக்காட்சிகள் இரவு பகலாகக் காட்டின. இரண்டே மாதங்களில் விலை சரிந்தது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று ராயலசீமை உழவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். அப்போது நாம் எவரும் அதிகம் பேசவில்லை. நம் வீட்டில் ரசம் மலிவாகக் கிடைத்துவிட்டது அல்லவா!

நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைத்தவருக்குச் சேர்வது ஏறத்தாழ 33 காசு என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. மீதி வண்டிக்கும், தரகுக்கும், சேதத்திற்கும், கடைக்கும் போகிறது. இடையில் உள்ளோர் யாவரும் தீயவர் என்பதில்லை, அவர்களும் உழைக்கிறார்கள். ஆனால் மழை பொய்த்தால் இழப்பவர் ஒருவர், மழை மிகுந்தால் இழப்பவரும் அவரே, விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தாலும் இழப்பவர் அவரே என்றால், அந்த 33 காசுதான் அவருடைய விழுக்காடு என்று நாம் அமைதியாக ஏற்றுக்கொள்ள முடியுமா?

இன்னொன்றும் உண்டு. உழுபவர் எல்லோரும் நிலவுடைமையாளர் அல்லர். ஆந்திரத்தில் குத்தகைக்கு உழுவோர் மிகப் பலர். கோயில் நிலங்களை உழுவோரும் அவர்களுள் அடக்கம். உதவித்தொகை, காப்பீடு, வங்கிக்கடன் யாவும் பட்டாவின் பின்னேதான் செல்கின்றன. குத்தகைதாரருக்கும் இவை கிடைக்க வேண்டும் என்று 2019-இல் ஆந்திர அரசு ஒரு சட்டம் இயற்றி 11 மாதங்களுக்குச் சாகுபடி உரிமை அட்டை வழங்கியது; அதற்கும் நிலவுடைமையாளரின் இசைவு வேண்டும். நம் அன்பர்களில் ஊரில் நிலத்தை விட்டுவிட்டு நகரில் வாழ்பவர்கள் பலர் உண்டு. உங்கள் நிலத்தை உழுபவர் அப்படி ஒரு தாளில் கையெழுத்து கேட்டு வந்தால், நிலம் பறிபோய்விடுமோ என்று அஞ்சி மறுத்துவிடாதீர்கள். அந்த அட்டை பயிருக்குத்தான் உரிமை தருகிறது, நிலத்திற்கு அன்று.

மண் சுமந்த சிறுவன்

மண்ணோடு உழைப்பவரைப் பெருமான் எங்கே வைத்திருக்கிறான் என்பதற்குத் திருமலையின் மரபிலேயே சான்று உள்ளது. தொண்டைமான் அரசன் நாள்தோறும் பொன்மலர்களால் அர்ச்சித்தான். மறுநாள் வந்து பார்த்தால் பொன்மலர்கள் ஒதுங்கியிருக்க, திருவடியில் மண்பூக்கள் இருந்தன. அவை குறும்பறுத்த நம்பி என்னும் குயவர், தம் சக்கரத்தை விட்டு எழாமல், வேலையினிடையே கையில் ஒட்டிய மண்ணால் செய்து சாத்தியவை. மலைக்கு வர அவருக்கு நேரம் இல்லை. பானை வனைய வேண்டும். திருமலையில் மண் ஓட்டில் தயிரன்னம் நிவேதிக்கும் வழக்கத்தை இவரோடு சேர்த்துச் சொல்வார்கள் பெரியோர்.

அனந்தாழ்வானின் வரலாறு நீங்கள் அறிந்ததே. இராமானுஜரின் ஆணைப்படி திருமலையில் நந்தவனம் அமைக்க வந்தவர், ஏரி வெட்டுகையில் கருவுற்ற மனைவி மண்கூடை சுமந்தார். ஒரு சிறுவன் வந்து தான் சுமப்பதாகக் கேட்டான். கைங்கரியத்தில் பிறருக்குப் பங்கில்லை என்று அனந்தாழ்வான் மறுத்தார். அவர் அறியாமல் அவன் அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். சினம் கொண்ட ஆழ்வான் வீசிய கடப்பாரை சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர் சந்நிதியில் பெருமானின் மோவாயில் குருதி கண்டு பதறிப் பச்சைக் கர்ப்பூரம் அப்பினார். அந்தக் கர்ப்பூரமும், வாயிலில் உள்ள கடப்பாரையும் இன்றும் நாம் காண்பவை.

இக்கதையை ஆழ்வானின் கைங்கரிய வைராக்கியத்தைப் போற்றவே பெரும்பாலும் சொல்கிறோம். அந்த அம்மையாரையும் பாருங்கள். பெருமான் எங்கு வந்து நின்றான்? கடப்பாரை பிடித்தவர் பக்கத்தில் அன்று. கூடை சுமந்தவள் பக்கத்தில். நம் நாட்டு வயல்களில் நாற்று நடுவதும், களை எடுப்பதும், வேர்க்கடலை ஆய்வதும் பெரும்பாலும் பெண்களே. 'விவசாயி' என்றதும் நம் மனக்கண்ணில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண்மகன்தான் வந்து நிற்கிறான் என்பது வியப்பாக இருக்கிறது.

பூத யக்ஞம்

இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட ஐந்து யக்ஞங்களுள் பூத யக்ஞம் ஒன்று. காக்கைக்குச் சோறிடுவதும் எறும்புக்கு மாவிடுவதும் அதன் அடையாளங்கள். மண்ணுக்குள் வாழும் உயிர்களுக்கு உணவிடுவதும் அதுவே என்று கொண்டால், ஆந்திரத்தில் நடைபெற்றுவரும் ஒரு முயற்சியின் உட்பொருள் விளங்கும்.

2016-இல், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கரின் வழிமுறைகளைப் பின்பற்றி, ஆந்திர அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா என்னும் நிறுவனம் இயற்கை வேளாண்மையைப் பரப்பத் தொடங்கியது. இதன் தனிச்சிறப்பு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகப் பரவியதே. விதைக்குப் பீஜாமிர்தம், மண்ணுக்கு ஜீவாமிர்தம். ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 10 கிலோ நாட்டுப் பசுவின் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பில் எடுத்த ஒரு கைப்பிடி மண் கலந்து, நிழலில் இரண்டு நாள் ஊறவைத்துக் கலக்கிவிட்டால் அது நுரைத்து எழும். இதை உரம் என்பதைவிட, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு இடும் உணவு என்பதே பொருந்தும். வெல்லமும் மாவும் அவ்வுயிர்களுக்கு. அவை பெருகி, மண்ணைப் பொலபொலப்பாக்கி, பயிருக்கு வேண்டியதைக் கரைத்துத் தருகின்றன.

மற்றொரு முறை, மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் பல தானிய விதைகளைக் களிமண்ணும் சாண உரமும் பூசி உருட்டி விதைத்துவிடுவது. நிலம் ஆண்டு முழுதும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பது நோக்கம். இது முற்றிலும் புதியது என்றும் சொல்வதற்கில்லை. வேர்க்கடலைச் சாலுக்கிடையே துவரை, மொச்சை, காராமணி, சோளம் என்று கலந்து விதைத்து, ஓரத்தில் ஆமணக்கு நடுவது ராயலசீமையின் பழைய வழக்கம். கடலை காய்ந்தாலும் துவரை காப்பாற்றும். ஒற்றைப் பயிர் வந்த பின்னரே அது தளர்ந்தது.

சித்தூர் மண்ணுக்கே உரிய புங்கனூர்ப் பசு இங்கு நினைவுக்கு வருகிறது. இடுப்பளவு உயரம், சிறிது தீனி தின்று, சிறிதே ஆனாலும் கொழுமையான பால் தரும். ஏழை வீட்டுக்கு ஏற்ற மாடு. அழியும் நிலைக்குச் சென்றதைப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் காத்துவந்தது. இப்போது செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கி முற்றத்தில் அழகுக்காக வளர்க்கிறார்கள். மாடு பிழைத்தது, மகிழ்ச்சி. அது வயலை விட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டதே என்பதுதான் வருத்தம்.

இந்த இயற்கை வேளாண் இயக்கத்துக்கு 2024-ஆம் ஆண்டின் மனிதகுலத்துக்கான குல்பென்கியன் பரிசு போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் வழங்கப்பட்டது. மண்ணியல் அறிஞர் ரத்தன் லாலும், எகிப்தின் செக்கெம் அமைப்பும் உடன் பெற்றனர். பரிசளித்த அறக்கட்டளை, 10 லட்சம் சிறு உழவர்கள், 5 லட்சம் ஹெக்டேர் என்று இவ்வியக்கத்தின் பரப்பைக் குறிப்பிட்டது. திருமலை தேவஸ்தானமும் 2021-இல் பசு சார்ந்த இயற்கை வேளாண்மையில் விளைந்த பொருள்களைக் கொண்டு பெருமானுக்கு நைவேத்தியம் படைக்கத் தொடங்கியது. அரிசி, பருப்பு, வெல்லம் முதலான 12 பொருள்களை இத்தகைய உழவர்களிடமிருந்து கொள்முதல் செய்யவும் அவ்வாண்டே உடன்பாடு செய்தது. பழைய ஸ்ரீபண்டாரத்துக் கால்வாயை இது நினைவுபடுத்துகிறதல்லவா?

ஆர்வத்தில் விவேகத்தை இழந்துவிடலாகாது. நாட்டின் வேளாண் அறிவியல் அகாதமி 2019-இல் இம்முறையின் விளைச்சல் போதுமான அளவு சோதிக்கப்படவில்லை என்று ஐயம் தெரிவித்தது. உழைப்பு மிகுதி, ஆள் கிடைப்பதில்லை, மாடு இல்லாதவர் சாணத்துக்கு எங்கே போவது என்னும் இடர்ப்பாடுகள் உண்மையானவை. அண்டை நாடான இலங்கையில் 2021-ஆம் ஆண்டில் ரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டு, நெல் விளைச்சல் வீழ்ந்து, சில மாதங்களிலேயே தடையை விலக்க நேர்ந்தது. சிறு உழவர்தான் அதிலும் அடிபட்டார். நஞ்சில்லா உணவு வேண்டும் என்னும் நம் விருப்பத்தின் முழுச்சுமையையும் ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் தலையில் ஏற்றுவது தர்மம் ஆகாது. மாறும் காலத்தில் விளைச்சல் குறைந்தால் அந்த இழப்பில் பங்கு கொள்ள நாம் முன்வர வேண்டும். பிறர் செய்யும் தவத்தின் பலனை மட்டும் கேட்பது எளிது.

2015-16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு உழவர்களில் நூற்றுக்கு 86 பேர் 2 ஹெக்டேருக்கும் குறைவாக நிலம் உடையவர்கள். இவர்கள் மகன்களும் மகள்களும் உழ விரும்பவில்லை, பெற்றோரும் விரும்பவில்லை. இவர்கள் விட்டு விலகினால் நம் மூன்றாவது விரதத்தை யார் அனுஷ்டிப்பார்?

'நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று அன்பர்கள் கேட்பீர்கள். செய்யத்தக்கது உண்டு, பெரிய செயல் வேண்டியதில்லை. தெருவில் கூடையோடு வருபவரிடமும், உழவர் சந்தையில் அமர்ந்திருப்பவரிடமும் பேரம் பேசுவதை ஒரு விரதமாக விட்டுவிடலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, உங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள ஒரு சிறு உழவரிடம் ஆண்டு அரிசியை நேராகப் பேசி வாங்கலாம். குழந்தைகளை அழைத்துச் சென்று அந்தக் கால் ஏக்கரைக் காட்டலாம். அறுவடையில் ஒரு நாள் அங்கு சென்று கதிர் சுமந்தால், தவறாமல் பகவத் கீதை வகுப்புக்கு வருவோருக்கு மூன்றாம் அத்தியாயம் இன்னும் சற்று விளங்கும்.

நம் மையங்கள் பலவற்றில் அன்னதானம் நடக்கிறது. தரிகொண்ட வெங்கமாம்பா என்னும் பக்தை இதே சித்தூர்ச் சீமையில் பிறந்து, திருமலையில் யாத்திரிகருக்கு அன்னமிட்டவர். அங்குள்ள அன்னப்பிரசாதக் கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்னதானத்திற்குப் பொருள் கொடுப்பவர் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கம் நம்மிடமும் உண்டு. விட்டவன் பெயர்! அதன் கீழே, அந்த அரிசியை விளைத்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு வரி எழுதிவிடலாம். எழுத வேண்டுமானால் முதலில் அவர் யார் என்று விசாரிக்க வேண்டும். பயன் அங்கேயே தொடங்கிவிடும்.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் கார்த்திகை, மார்கழியில் கொடுக்கிறார்கள். அரிசி அப்போது சந்தையில் வாங்கப்படுகிறது. ஆனால் ஆனியிலும் ஆடியிலும் விதைப்பவருக்கு விதைக்கும் உழவுக்கும் பணம் தேவைப்படுவது வைகாசியில். கையில் இல்லாததால் அப்போது வட்டிக்கு வாங்குகிறார். அந்த வட்டிதான் அறுவடையை விழுங்குகிறது. இவ்வாண்டு அன்னதானத் தொகையை வைகாசியிலேயே கொடுங்கள். மையத்தின் பொறுப்பாளர்கள் இரண்டு மூன்று உழவர்களைத் தேர்ந்து, விலையை அவர்களோடு முன்கூட்டியே பேசி, பாதியை அப்போதே கொடுத்து, தை மாதத்தில் நெல்லாகப் பெற்றுக்கொள்ளட்டும். மழை பொய்த்தால் நெல் குறைவாக வரும். குறைந்ததை அவரிடம் கேட்காதீர்கள்.